நூற்றிருபது மரங்களின் சுற்றளவு

ஸ்டீபன் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தரம் பேனாவை மூடுவார். நாடாவைச் சுற்றிப் பிடித்து அளவைப் பார்ப்பார், மூடியைக் கழற்றுவார், எழுதுவார், மறுபடி மூடியைப் போட்டு அழுத்துவார். டக்கென்று சத்தம் வரும். அடுத்த மரம் பத்தடி தள்ளித்தான் இருக்கும். அங்கே போய்த் திரும்பவும் மூடியைக் கழற்றுவார். நூற்றிருபது மரம் என்றால் நூற்றிருபது தரம். முதல் வருஷம் அப்படித்தான், இரண்டாம் வருஷமும் அப்படித்தான். மூன்றாம் வருஷம்தான் ஜெயக்கொடிக்குக் கேட்க வாய் வந்தது.

"தொறந்தே வச்சிருந்தா இன்னா சார்?"

"எழுதினா எழுதினதுதான், அது மேல மறுபடி கை வைக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறதுங்க" என்றார் அவர்.

ஜெயக்கொடி நாடாவை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பவள்.

செஞ்சியில் சிறுகடம்பூர்ப் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. எட்டாவது முடித்த வருஷம் அம்மா போய்விட்டதால் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அப்பா துரைக்கண்ணு மரத் தரகர். பெண் பிள்ளையைத் தனியாக வீட்டில் விட மனசில்லாமல், சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வேம்பு, புளி, தேக்கு என்று நிற்கிற மரத்தை அவர் விலை பேசுவார். இவள் நிழலில் உட்கார்ந்து பார்ப்பாள். கயிற்றால் சுற்றி அளந்து, பட்டைக்கென்று அரை இஞ்ச் கழித்துவிட்டுத்தான் நைனா அளவைச் சொல்வார். விற்கிறவனும் வாங்குகிறவனும் அதற்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பிறகு அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பதினோரு வருஷம் படுக்கை. அவர் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இவளைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் எப்போதோ நின்றுபோயிருந்தார்கள்.

மேல்சித்தாமூர் போகிற வழியில் சென்னை பிளைவுட் கம்பெனி ஒன்று அறுபது ஏக்கர் வாங்கி மலைவேம்பு வைத்தபோது, ஜெயக்கொடி தண்ணீர் விடுகிற கூலி ஆளாகப் போனாள். அங்கே சூப்பர்வைசர் வெற்றிவேல். ஒருநாள் அவர் அளவு நாடாவைத் தலைகீழாகப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வாங்கிச் சரியாகப் பிடித்துக் கொடுத்தாள். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அன்றிலிருந்து அளவு ரிஜிஸ்டர் அவள் கைக்கு வந்துவிட்டது.

அந்த ரிஜிஸ்டர் எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது ஸ்டீபன் வந்த பிறகுதான். 2018ஆம் வருஷம், மார்ச் மாதக் கடைசி வாரம். விழுப்புரத்தில் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான ஆள், நாற்பத்திரண்டு வயசிருக்கும். தோளில் ஒரு ரெக்சின் பை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் மாறி, இறங்கி நடந்து, சட்டையெல்லாம் நனைந்து வந்து நின்றார். வாட்ச்மேன் பச்சைமுத்து அவரைப் பார்த்ததும் தோப்பைப் பார்த்துக் கத்தினான்.

"டேய் மரங்களா, ஆடிட்டர் வந்துட்டாரு! எல்லாம் நெஞ்ச நிமித்தி நேரா நில்லுங்கடா!"

ஸ்டீபன் சிரித்துவிட்டார். "நான் ஆடிட்டர் இல்லீங்க. அந்தப் பரிட்சைய ஆறு தரம் எழுதினேன், ஆறு தரமும் அது என்னைத் தள்ளிவிட்டுது. ஆடிட்டர்கிட்ட வேலை பாக்குறவன், அவ்வளவுதான்."

தோப்பில் பன்னிரண்டாயிரம் மரம். அதில் நூற்றிருபது மரத்துக்குச் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டிருந்தது. நெஞ்சுயரத்தில் வெள்ளை வளையம். மார்ச் இரண்டாம் வாரம் ஜெயக்கொடி அந்த நூற்றிருபதையும் அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவாள். கடைசி வாரம் ஆடிட்டர் ஆள் வந்து, அதே மரங்களைத் தானே தனியாக அளந்து சரிபார்க்க வேண்டும்.

"எதுக்கு சார் ரெண்டு தரம்?" என்று கேட்டார் வெற்றிவேல். "மரம் எங்க ஓடிடப் போவுது?"

"முன்னாடி கன்னு வாங்கின செலவு, தண்ணி விட்ட செலவு, இத எழுதினா போதும். இப்ப சட்டத்த மாத்திட்டாங்க. உலகம் பூரா பெரிய கம்பெனிங்க எப்படிக் கணக்கு எழுதுதோ, நாமளும் அப்படித்தான் எழுதணும். உசுரோட வளர்ற மரம் இன்னைக்கு இன்னா வெலைக்குப் போகும்னு வருஷா வருஷம் காட்டணும். மார்ச் முப்பத்தொண்ணுல."

ஜெயக்கொடி நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "விக்காத மரத்துக்கா?"

"விக்காத மரத்துக்குத்தாங்க. அது நிக்கிற நிலையிலயே அதுக்கு ஒரு மதிப்பு இருக்குது. அது வருஷா வருஷம் ஏறுது. அத எழுதாம விட்டா கணக்கு பொய்யாயிடும்."

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் அந்த வார்த்தைகளை நினைத்துக்கொண்டே போனாள். கணக்கைப் பற்றி இப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதில்லை.

அளக்கிற விதம் இப்படி. அவர் ஒரு பக்கம் நின்று நாடாவின் நுனியை நீட்டுவார். இவள் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கி, சுற்றி அவர் கைக்குக் கொடுத்துவிட்டு, வளையத்திலிருந்து நாடா நழுவாமல் பிடித்துக்கொள்வாள். அளவைப் படிப்பதும் எழுதுவதும் அவர் வேலை. இருவருக்கும் நடுவில் மரம். முகம் தெரியாது. அவர் இழுத்துப் பிடிக்கும்போது நாடா இவள் விரலில் இறுகும், எழுதப் போகும்போது தளரும். அவ்வளவுதான் தெரியும். அதற்கே அவள் வருஷம் முழுக்கக் காத்திருக்கப் போகிறாள் என்பது அப்போது தெரியாது.

முதல் வருஷமே ஒரு சிக்கல் வந்தது. சாயங்காலம் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, தன் தாளையும் அவள் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஸ்டீபன் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாங்க இது? நூத்திருபது மரமும் உங்க நோட்ட விட என் தாளுல அரை இஞ்ச் கூட இருக்குது. ரெண்டு வாரத்துல எல்லா மரமும் சொல்லிவச்ச மாதிரி அரை இஞ்ச் வளந்துடுச்சா?"

ஜெயக்கொடி ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள். "பட்டை சார்" என்றாள்.

"பட்டையா?"

"பட்டைய யார் சார் வெலைக்கு வாங்குவாங்க? அத கழிச்சிட்டுத்தான் எழுதணும். எங்க நைனா அப்படித்தான் சொல்லுவாரு."

வெற்றிவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, உன்ன யாரு கழிக்கச் சொன்னது? சென்னையில வெலை போடுறவங்க அவங்க பங்குக்கு ஒரு தரம் கழிப்பாங்க. நீயும் கழிச்சு அவங்களும் கழிச்சா மரம் வெறகுக் குச்சியாயிடும்!"

ஸ்டீபன் கோபப்படவில்லை. நன்றாகச் சிரித்தார். "திட்டாதீங்க சார். கழிச்சா எல்லாத்துலயும் ஒரே மாதிரி கழிச்சிருக்காங்க பாருங்க. ஒரு மரம் கூட தப்பல." பிறகு அவளைப் பார்த்து, "நீங்க எப்பவும் போல எழுதுங்க. நான் நோட்டுல உள்ளது பட்டை கழிச்ச அளவு, தாளுல உள்ளது பட்டையோட அளவுன்னு குறிப்பு எழுதி சென்னைக்கு அனுப்பிடுறேன். வருஷா வருஷம் மாறாம இருந்தா போதும்" என்றார். தாளின் ஓரத்தில் அதை எழுதி, பேனாவை மூடினார்.

தப்பு செய்த இடத்தில் ஒரு மனிதர் தன்னை விட்டுக்கொடுக்காமல் பேசியது அவளுக்கு அதுதான் முதல் தரம்.

அதன் பிறகு மார்ச் மாதம் வந்தால் அவள் கொஞ்சம் மாறிப்போவாள். இரண்டு நல்ல புடவைகளை எடுத்து இஸ்திரிக்குக் கொடுப்பாள். தம்பி மனைவி மணிமொழிக்குக் கண்ணில் எதுவும் தப்பாது.

"இன்னா அண்ணி, தோப்புல திருவிழாவா? மலைவேம்புக்குத் தேர் இழுக்கப் போறியா?"

"விழுப்புரத்திலேருந்து ஆளுங்க வருவாங்க."

"வருவாங்க, வருவாங்க. மரத்தைத்தான் அளப்பாங்களாமே."

ஜெயக்கொடி சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விடுவாள். அந்த டப்பாவில் இரண்டு ஆளுக்குப் போதுமான தக்காளி சாதம் இருக்கும். மிச்சமாகிவிட்டது என்று சொல்லித்தான் ஸ்டீபனுக்குக் கொடுப்பாள். ஐந்து வருஷமும் அது மிச்சமாகிக்கொண்டே இருந்தது. அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிடுவார்.

அவர் சொன்னதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். அம்மாவும் அவரும் மட்டும்தான். பாஸ் பண்ணிவிட்டுக் கல்யாணம் என்று தள்ளித் தள்ளி, பரிட்சையும் போய் வயசும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவார். மாதா கோயில் வாசலில் விற்கிற சுண்டல் அம்மாவுக்குப் பிடிக்கும். இவ்வளவுதான். இதையெல்லாம் அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

கொரோனா வருஷம் மார்ச்சில் அவர் வரவில்லை. ஜூன் கடைசியில் முகக்கவசத்தோடு வந்தார். அந்த மூன்று மாதமும் ஜெயக்கொடி பஸ் ஓடாத ரோட்டில் நடந்தே வேலைக்குப் போனாள்.

2021ஆம் வருஷம் அவர் வந்த முதல் நாள் காலையிலேயே ஃபோன் வந்தது. இரண்டு மரம்தான் அளந்திருந்தார்கள். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறார்கள். ஸ்டீபன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கிளம்புங்க சார்" என்றாள் ஜெயக்கொடி.

"ரெண்டு நாளுல தாளு ஆபீஸ்ல இருக்கணுங்க. தேதி தாண்டக் கூடாது."

"நான் அளந்து ஃபோன்ல சொல்றேன். நீங்க கிளம்புங்க."

பச்சைமுத்துவின் வண்டியில் அவரைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி வைத்தாள். பிறகு பச்சைமுத்து திரும்பி வந்து நாடா பிடிக்க, அன்று ஐம்பத்தெட்டு மரம், மறுநாள் அறுபது மரம் அளந்தாள். அந்த வருஷத்து ரிஜிஸ்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதிதாகத்தான் அளந்தாள்.

இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஃபோன் செய்தாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ குழந்தையை அதட்டுவதும், தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவதும் கேட்டன.

"மூணாம் நம்பர், இருவத்தி நாலு."

"மூணு, இருவத்தி நாலு" என்பார் அவர்.

"நாலு, இருவத்தி மூணரை."

"நாலு, இருவத்தி மூணரை."

இப்படியே போனது. ஒவ்வொரு எண்ணையும் அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னார். ஒன்றுகூட அவசரமாகச் சொல்லவில்லை. முப்பத்தேழாம் மரத்தில் பதில் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் காத்திருந்தாள். வெயில் இறங்கி தூரத்தில் செஞ்சி மலைப் பாறை செம்மண் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "முப்பத்தேழு, இருவத்தஞ்சு" என்று மறுபடி சொன்னாள்.

"முப்பத்தேழு, இருவத்தஞ்சு" என்றார். பிறகு, "சாப்டியா ஜெயக்கொடி?" என்று கேட்டார்.

நான்கு வருஷம் 'நீங்க' என்றவர் அன்று அப்படிக் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

மறுநாளும் அப்படியே. கடைசி மரம் சொல்லி முடித்த பிறகும் இருவரும் ஃபோனை வைக்கவில்லை. "அம்மா தூங்குறாங்க" என்றார். "தூங்கட்டும்" என்றாள். எட்டு நாள் கழித்து அம்மா இறந்துவிட்ட செய்தி வெற்றிவேல் வாயிலாக வந்தது. போய்ப் பார்க்க, தான் யார் என்று சொல்லிக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போகவில்லை.

அடுத்த மார்ச்சில் அவர் வந்தார். முடி நரைத்திருந்தது. மறுபடி 'நீங்க' என்றுதான் பேசினார். நூற்றிருபது மரத்தையும் தானே அளந்தார். சாப்பிடும்போது சொன்னார்.

"அடுத்த வருஷத்திலேருந்து நாங்க வர மாட்டோம். ஒரே ஆடிட்டர் ரொம்ப வருஷம் ஒரு கம்பெனியப் பாக்கக் கூடாதுன்னு சட்டம். எங்க காலம் முடிஞ்சிடுச்சு. வேற ஆபீஸ் வருவாங்க."

"ஏன் சார் அப்படி ஒரு சட்டம்?"

"பழகிட்டா கண்ண மறைச்சிடுமாம்."

அவள் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பழகினா தப்பா சார்?"

"சட்டத்துக்குத் தப்பு" என்று சொல்லிவிட்டு, அவர் பார்வையை மரத்துக்கு மேலே எங்கோ கொண்டுபோனார்.

இரண்டு வருஷம் போயிற்று. புதிய ஆடிட்டர் ஆபீஸிலிருந்து சின்னப் பையன்கள் வந்தார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அளந்துவிட்டு, கார் ஏசியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜெயக்கொடி அந்த இரண்டு மார்ச்சிலும் புடவையை இஸ்திரிக்குக் கொடுக்கவில்லை. மணிமொழி அதைப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

2024 மே மாதம், ஒரு வெள்ளைக் கார் தோப்புக்குள் வந்தது. இறங்கியவர் தேவேந்திரன், ஸ்டீபன் வேலை பார்க்கும் ஆபீஸின் முதலாளி, ஆடிட்டர். வெற்றிவேல் பதறிப்போய் நாற்காலி போட்டார்.

விஷயம் இதுதான். கணக்குச் சட்டத்தை மாற்றியதோடு நிற்காமல், அதை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா, ஆடிட்டர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று கண்காணிக்க தில்லியில் தனி அலுவலகம் இருக்கிறது. அவர்கள் 2021ஆம் வருஷக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். மற்ற எல்லா வருஷமும் கம்பெனி ரிஜிஸ்டருக்கும் ஆடிட்டர் தாளுக்கும் அரை இஞ்ச் வித்தியாசம். முதல் வருஷத் தாளிலேயே ஏன் என்று ஸ்டீபன் கையால் குறிப்பு இருக்கிறது. 2021இல் மட்டும் வித்தியாசமே இல்லை. முதல் இரண்டு மரத்தைத் தவிர நூற்றுப் பதினெட்டும் ஒத்துப்போகிறது. அப்படியானால் அந்தத் தாளில் இருப்பதும் பட்டை கழித்த அளவு. ஸ்டீபன் அளக்கவில்லை. ஆனால் தாளில் 'நேரில் அளந்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

ஜெயக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபோனில் அவள் கை வழக்கப்படி அரை இஞ்சைக் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவருக்கு அது தோன்றவில்லை.

"ஒண்ணும் பயப்படாதம்மா" என்றார் தேவேந்திரன். "கம்பெனிகிட்டயும் அளந்தவங்க எழுதிக் கொடுத்தது வேணும்னு கேட்டிருக்காங்க. நான் தமிழ்லயே டைப் அடிச்சிக் கொண்டாந்திருக்கிறேன். படிச்சிட்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஒரே ஒரு தாள். அவள் வாங்கிப் படித்தாள். அந்த இரண்டு நாளும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை திரு. ஸ்டீபன் அவர்கள் தோப்பில் இருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து மரங்களை அளந்தோம். மதிய உணவு அங்கேயே எடுத்துக்கொண்டோம். பட்டையைக் கழித்து எழுதும்படி நான்தான் அவரிடம் சொன்னேன்.

திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அந்தத் தாளில் அம்மா விழவில்லை. ஃபோன் வரவில்லை. இரண்டு முழு நாள் அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதில் டைப் அடித்து இருந்தது.

"கையெழுத்து போடலன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்களுக்கு அபராதம், எனக்குத் தடை, அது இருக்கட்டும். ஸ்டீபன வேலையில வச்சிருக்க முடியாது. நாப்பத்தெட்டு வயசுல அந்த ஆளுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? உன் கையிலதான் இருக்குது."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"இன்னாம்மா இதுல நாளைக்கு?" என்று வெற்றிவேல் அதட்டினார். தேவேந்திரன் கையமர்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது, அவள் மோட்டார் கொட்டகைப் படிக்குப் போனாள். மூன்று வருஷமாக ஃபோனில் இருந்த நம்பர். அந்த இரண்டு சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு தரம்கூடத் தொட்டதில்லை. நாலாவது மணியில் எடுத்தார்.

"ஜெயக்கொடி" என்றார். அவள் பெயர் அவர் ஃபோனிலும் இருந்திருக்கிறது.

"சார், உங்க முதலாளி வந்தாரு."

"தெரியும்." கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "பட்டைய கழிச்சுத்தான் சொன்னியா அன்னைக்கு?"

"ஆமா சார். நெனப்பில்லாம சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. "நானும் நெனப்பில்லாம எழுதிட்டேன். அளந்தவர்னு என் பேரையும் எழுதிட்டேன். ஃபைல் முடியணும்னு அவசரப்படுத்தினாங்க. எழுதியிருக்கக் கூடாது."

"கையெழுத்து போடட்டுமா சார்?"

"போட்டா எனக்கு நல்லதுதான். நல்லது இல்லன்னு நான் சொன்னா பொய்யாயிடும். ஆனா நான் கேக்க மாட்டேன். உனக்கு இன்னா ஞாபகம் இருக்குதோ அதச் சொல்லு."

"எல்லாம் ஞாபகம் இருக்குது சார்."

இவள்தான் முதலில் வைத்தாள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஸ்டீபனுக்கு வேலை இருக்கும். போட்டால் அந்த இரண்டு சாயங்காலம் இல்லாமல் போய்விடும். முப்பத்தேழாம் மரத்தில் அவர் அழுதது இல்லை, சாப்டியா என்று கேட்டது இல்லை. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை இல்லை என்று எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை. அவர் கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வெற்றிவேலிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தன் கையெழுத்திலேயே எழுதினாள். முதல் நாள் காலை இரண்டு மரம் அவர் அளந்தது, ஃபோன் வந்தது, அவர் போனது, தானும் பச்சைமுத்துவும் நூற்றுப் பதினெட்டு மரம் அளந்தது, பழக்கத்தில் பட்டையைக் கழித்துச் சொன்னது. கடைசியில் இப்படி எழுதினாள்: அவருடைய அம்மா சாகக் கிடந்த நேரத்திலும் நான் சொன்ன ஒவ்வொரு அளவையும் அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துத்தான் எழுதினார். ஒன்றுகூடத் தப்பாக எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். இது சத்தியம்.

வெற்றிவேல் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "கடைசி ரெண்டு வரி தேவையா?"

"இருக்கட்டும் சார்."

"ஃபோன்ல பேசினதெல்லாம் எழுதியிருக்கிற. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும்."

கம்பெனி அதை இங்கிலீஷில் மாற்றி, அவள் எழுதிய தாளையும் சேர்த்து தில்லிக்கு அனுப்பிவிட்டது. தேவேந்திரன் ஃபோனில் கத்தினார். அந்த ஆளின் சோற்றில் மண்ணைப் போட்டது அவள்தான் என்றார். அதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. ஆபீஸுக்கு அபராதம், தேவேந்திரனுக்கு மூன்று வருஷம் தடை. ஸ்டீபன் ஆடிட்டர் இல்லை என்பதால் உத்தரவில் அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவரை அதற்கு முன்பே வேலையிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். பேச்சு செஞ்சி வரை வந்தது. மணிமொழி ஒருநாள் சோறு போடும்போது, "அந்த ஆளுக்காகத்தானா அண்ணி?" என்று கேட்டாள். கேலி இல்லை. ஜெயக்கொடி சோற்றைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அன்று மணிமொழி குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இப்போது தோப்பில் முதல் நடவு வெட்டியாகிவிட்டது. இரண்டாம் நடவு ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள், அளந்தவர் பெயரும் கையெழுத்தும் என்று. அதில் ஜெயக்கொடியின் பெயர் இருக்கிறது. பட்டையைக் கழிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்ததால் இப்போது கழிப்பதில்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. நாள் கூலி நானூற்று ஐம்பது ரூபாய். ஸ்டீபன் திண்டிவனத்தில் ஒரு விதைக் கடையில் கணக்கு எழுதுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து வந்தது, பொங்கலுக்கு அவள் அனுப்பினாள். செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவள் இன்னும் போகவில்லை.